நானூறு வருட நாடகத்துக்கு நாலு டம்ளர் ரத்தம்

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க வெள்ளையாகவே போய்விட்டது. அதில் என் தப்பு எதுவும் இல்லை, எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் எழுபத்திரண்டு மார்க் வாங்கியவன் நான். இங்கிலீஷ் மார்க்கை டைரியிடம்கூடச் சொல்வதாக இல்லை.

இன்று எழுதக் காரணம், என் மகள் ஆவுடை ராத்திரிக்குள் பதினோரு தடவை செத்தாள்.

கறிக்கடையை மூடிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தேன். உள் அறையில் தொம்மென்று ஒரு சத்தம். சந்தனமாரி குழம்புக் கரண்டியோடு ஓடினாள்.

"ஏட்டி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. செத்துட்டேன்."

"வாயக் கழுவுட்டி! சாப்பிடுத நேரத்துல பேசுத பேச்சா இது?"

எம்.ஏ. இங்கிலீஷ் முதல் வருடம் படிக்கிறாள். கல்லூரியில் மார்ச் மாதம் ஒரு நாடகம் போடுகிறார்களாம். லண்டனில் நானூறு வருடத்துக்கு முன் ஆடியது. பெயரை மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் என் நாக்கு நடுவழியில் இறங்கிக்கொண்டது. ஆவுடைக்குக் கப்பல் தளபதி வேஷம். சண்டையில் ஜெயித்து வீட்டுக்கு வருகிறவனை அவன் தம்பியே விருந்தில் வைத்துக் குத்திவிடுகிறான்.

கையில் மளிகைச் சீட்டு மாதிரி நீளமாக ஒரு காகிதச் சுருள் வைத்திருக்கிறாள். அதில் அவள் வசனம் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்கள் பேசுவதில் கடைசி மூன்று வார்த்தை மட்டும் இருக்கும். அது காதில் விழுந்ததும் இவள் தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் நடிகர்களுக்கு இப்படித்தான் கொடுப்பார்களாம். முழு நாடகத்தையும் ஆளுக்கொன்று கையால் எழுதிக் கொடுக்க யாரால் முடியும்? கொடுத்தாலும் எவனாவது போட்டிக் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

"அப்ப ஒன்னைய யாரு குத்தப் போறான்னு ஒனக்கே தெரியாதா?"

"ஒத்திகையிலதான்பா தெரிஞ்சது. ரோஸ்லின்."

"நல்ல சிநேகிதி."

"நாங்க பாக்க வரலாமாட்டி?" என்றாள் சந்தனமாரி.

"இல்லம்மா. காலேஜ் பிள்ளைங்க மட்டும்தான்."

மீன் குழம்பு நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரே கறி தின்னும். என் வீட்டில் மட்டும் மீன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை பாதி ஊர் கறி தொடாது. ஒற்றை ஆடு போட்டு, பன்னிரண்டு மணிக்கே கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் ஒரு மேடம் வந்து இறங்கினார், பின்னால் ஒரு மாணவி. மாணவி கழுத்தில் பச்சை நாடாவில் அடையாள அட்டை. அதே பச்சை நாடாதான் என் வீட்டு ஜன்னல் கம்பியில் தினமும் தொங்குகிறது.

"அண்ணாச்சி, ரத்தம் இருக்கா?"

"காலம்பறயே தீந்துட்டு மேடம். பொரியலுக்கா?"

"இல்ல, நாடகத்துக்கு."

எனக்கு வாயெல்லாம் பல். அட, எம் மவளும் அங்கதான் என்று ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் மேடம் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். ஜெமிமா மேடம் என்று பெயர். கறிக்கடை வாசலில் நின்று பாடம் நடத்த முடிகிறவர் எங்கே நின்றும் நடத்துவார்.

லண்டனில் ஆற்றுக்குத் தென்கரையில் மரத்தாலான வட்டக் கொட்டகை. நடுவில் கூரை கிடையாது. கரண்ட் ஏது, விளக்கு ஏது? மத்தியான வெயிலில்தான் நாடகம். திரை கிடையாது. மேடையின் மூன்று பக்கமும் ஜனங்கள் நின்றுகொண்டே பார்ப்பார்கள், கொறிப்பார்கள், சத்தம் போடுவார்கள். பொம்பளை வேஷத்தை மீசை முளைக்காத பையன்கள் கட்டினார்கள்.

"நம்ம காலேஜ்ல பையனே கெடையாது, அதனால நாங்க மீசை ஒட்டிக்குறோம்" என்றாள் அந்த மாணவி.

கத்திக்குத்து வந்தால் நிஜ ரத்தம்தானாம். ஆட்டின் மூத்திரப்பையில் ரத்தத்தை நிரப்பிச் சட்டைக்குள் கட்டிக்கொள்வார்கள். எந்தக் காட்சிக்கு என்ன சாமான் வேண்டும் என்று அட்டையில் எழுதி ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஒரு அட்டையில் 'மூன்று குப்பி ரத்தம், ஆட்டு ஈரல், நுரையீரல்' என்றே இருக்கிறதாம்.

"அந்த ஊரு கறிக்கடைக்காரருக்கு நாடகம் ஓசியா மேடம்?"

மேடம் சிரித்தார். "அது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே. நல்ல கேள்வி. இதெல்லாம் எங்க கிளாஸ்ல ஆவுடைச்செல்வின்னு ஒரு பிள்ளை தேடி எடுத்தது. கெட்டிக்காரி. ஆனா ரத்தம் எங்க கெடைக்கும்னு கேட்டா, தெரியாது மேடம்னுட்டா. ரெண்டு கடையில வாங்கிப் பாத்துட்டோம். காலேஜ் போறதுக்குள்ள அல்வாவா ஆயிடுது."

"அவ அப்பாகிட்டயே கேட்டுருக்கலாம் மேடம்" என்றாள் மாணவி. "கால்நடைத் துறையில ஆபீசர்லா."

"ஆமா, ரோஸ்லின். அவர்கிட்ட லெட்டரும் வாங்கணும். சுத்தமான ரத்தம்னு கால்நடைத் துறையில எழுதித் தந்தாத்தான் பிரின்சிபால் விடுவாங்க."

"பெரிய எடந்தான்" என்றேன்.

பிறகு ரத்தம் உறையாமல் வைப்பது எப்படி என்று சொன்னேன். நாளை மறுநாள் நாலு டம்ளர் தருகிறேன், பழகிப் பாருங்கள் என்றேன். அவர்கள் போனதும் இன்னும் கொஞ்ச நேரம் வெட்டுக்கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 7, புதன்

கால்நடைத் துறை இன்றும் வழக்கம்போல் ஆறு மணிக்குத் திறந்தது. ஆடு இரண்டு.

பிப்ரவரி 8, வியாழன்

ரோஸ்லின் ஸ்டீல் தூக்குவாளியோடு வந்தாள். என் மகளைக் கொல்லப் போகிறவள். பார்த்தால் கொசு அடிக்கவே யோசிப்பாள் போலிருக்கிறது.

வெறும் ரத்தத்தை வைத்தால் ஐந்து நிமிடத்தில் கட்டியாகிவிடும். அறுத்த சூட்டிலேயே குச்சியால் நிறுத்தாமல் கிண்ட வேண்டும். குச்சியில் வெள்ளை நாராகச் சுற்றிக்கொண்டு வரும். அதை எடுத்து எறிந்துவிட்டால் நாள் முழுக்கத் தண்ணீராகவே இருக்கும். கேரி பையில் கட்டினால் குத்தும்போது கிழியாது, மூத்திரப்பைதான் சரி என்று ஒன்றைக் கழுவி ஊதிக் காட்டினேன். ரோஸ்லின் போட்ட சத்தத்தில் எதிர் மாவு மில்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"உள்ள ஒரு எவர்சில்வர் தட்ட வச்சிக் கட்டுங்க. கத்தி தட்டுல முட்டி நிக்கும், பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

"அவளுக்கு ஏற்கனவே என்னமோ ஆயிட்டு அண்ணாச்சி. லெட்டர் கேட்டதுலேருந்து சரியாவே பேச மாட்டேங்கா. அப்பா கேம்ப் போயிருக்காங்கன்னு சொல்லுதா. மேடம், நம்பர் குடு, நானே பேசுதேன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வெள்ளி வரைக்கும்தான் டைம்."

"கேம்ப்ல சிக்னல் இருக்காதுல்லா" என்றேன்.

நான் ஏன் இதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. கடை லீவு. நாள் முழுக்க வீட்டில் இருந்தால் எவ்வளவு தொந்தரவான ஆள் நான் என்று சந்தனமாரி கணக்கெடுத்துச் சொன்னாள்.

"என்ன, மூணு நாளா சோப்பு இப்படிக் கரையுது? நாளுக்கு ரெண்டு குளியல்?"

"வெயில்."

"தை மாசத்துல."

ஆவுடை இன்று சாகவே இல்லை. சுருளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைவலியாம். அரை தோசை சாப்பிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன தாயி, ரோஸ்லின் எதும் கையோங்குதாளா?"

சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு முகம் முன்னைவிட மோசமாக இருந்தது. அப்பா என்றாள். ம் என்றேன். ஒண்ணுமில்ல என்றாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் ஒண்ணுமில்லைக்குள் கை விட்டுப் பார்க்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. அந்தப் பாடம் பத்தாம் வகுப்புக்கு அப்புறம் வருமோ என்னவோ.

பிப்ரவரி 13, செவ்வாய்

அரை இட்லி. நேற்றும் அரை இட்லி. மற்ற பாதிகளை நான் தின்கிறேன். நாடகம் முடிவதற்குள் அவள் இளைப்பாள், நான் பெருப்பேன்.

பிப்ரவரி 14, புதன்

விடியற்காலம் அறுப்புக்கூடத்தில் டாக்டர் பிச்சையாவைப் பிடித்தேன். ஆடுகளைப் பார்த்து, நல்லதாக இருந்தால் முத்திரை குத்துகிறவர். பதினேழு வருடப் பழக்கம். இதுவரை அவரிடம் நான் கேட்டதெல்லாம் மணி என்ன என்பதுதான்.

"ஒரு லெட்டர் வேணும் டாக்டர். ஆடு நல்ல ஆடு, ரத்தம் சுத்தம்னு."

"எதுக்குவே? ஏத்துமதி பண்ணப் போறீரா?"

"நாடகத்துக்கு. லேடீஸ் காலேஜ்ல."

"ஒம்ம மவ படிக்கிற காலேஜா?"

"அதேதான். ஆனா லெட்டர்ல எம் மவ பேரு வேண்டாம்."

"ஏன்?"

"அவ சாகுதா டாக்டர், அதுல."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.  எத்தனையோ ஆட்டின் கண்ணைப் பார்த்தே காய்ச்சல் சொல்கிற மனுஷன். கொம்பையா மட்டன் ஸ்டாலுக்கு வரும் ஆடுகள் தன்னால் பரிசோதிக்கப்பட்டவை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, துறையின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். ஆட்டுக்குக் குத்துகிறதைவிட மெதுவாகவே குத்தினார்.

மத்தியானம் ரோஸ்லினிடம் கொடுத்தேன். "ஆபீசர கேம்ப்ல தொந்தரவு பண்ண வேண்டாம்னு மேடம்கிட்ட சொல்லும்மா. இதுலயும் கால்நடைத் துறை சீலுதான்."

பிப்ரவரி 15, வியாழன்

ஆறு இட்லி.

தலைவலி போய்விட்டதாம். சாயங்காலம் நாலு தடவை செத்தாள். சத்தம் நன்றாக இருந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் தட்டைப் பார்க்கிறாள். சட்டையில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அதிசயம். ஒன்பது மணிக் கூட்டத்தில் டீ கொண்டுவந்தது சந்தனமாரி இல்லை, ஆவுடை.

"அம்மாவுக்கு என்ன?"

"நான்தான் கொண்டுவாரேன்னு சொன்னேன்."

கடைக்கு உள்ளேயே வந்து, தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். வரும்போது வாசலில் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்திருந்தாள். அதில் எழுத்து மங்கியிருப்பது எனக்கு இன்றுதான் கண்ணில் பட்டது. முன்னால் எட்டுப் பேர். ஒருவருக்கு எலும்பில்லாமல், ஒருவருக்கு எலும்போடு, ஒருவருக்கு எலும்பு இருக்க வேண்டும் ஆனால் எடையில் வரக்கூடாது.

"அப்பா, எங்க காலேஜ்லருந்து யாராவது இங்க வந்தாங்களா?"

"காலேஜ்லருந்தா? இங்க யாரு வருவா? நீ போ, தெறிச்சிரும், நல்ல சுடிதாரு."

"யாருமே வரலையா?"

"வந்தா சொல்ல மாட்டனா?"

சரிப்பா என்றாள். இரண்டு அடி போனாள், திரும்பி வந்தாள். அதற்குள் மாவு மில்காரர், "அண்ணாச்சி, நம்ம மூளை எங்க?" என்று கேட்டுவிட்டார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நன்றாகச் சமாளித்தேன். நான் சொன்ன பொய்யை அவள் அப்படியே நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஜெமிமா மேடம் போன். நாடகம் சனிக்கிழமை மூன்று மணி. ரத்தத்தை நானே கொண்டுவந்து, நானே பையில் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"ரோஸ்லினே நல்லா பழகிட்டா மேடம்."

"நேத்து ஒத்திகையில நடக்கும்போதே ஒடைஞ்சிட்டு அண்ணாச்சி. தளபதி விருந்துக்கு முன்னாலயே செத்துட்டாரு."

"எனக்குக் கடை இருக்கே."

"மூணு மணிக்கா?"

"சட்டை சரியில்ல மேடம்."

"அந்தக் காலத்துல நின்னு பாத்தவங்க யாருக்கும் சட்டை சரியில்ல. நீங்க வரலன்னா ரத்தமே வேண்டாம், சிவப்பு மை வச்சிருவேன்."

ஆவுடை மூன்று மாதம் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தது. மைக்கு விட்டுவிட முடியுமா? வருகிறேன் என்றேன். கொரோனா நேரத்து மாஸ்க் ஒன்று பரணில் கிடந்தது. தட்டி எடுத்து வைத்திருக்கிறேன். தொப்பியும் போட்டுக்கொள்ளலாம். மாஸ்க்கும் தொப்பியுமாகக் கண்ணாடியில் பார்த்தேன். மாஸ்க்கும் தொப்பியும் போட்ட கொம்பையா மாதிரியே இருந்தது.

மார்ச் 1, வெள்ளி

சந்தனமாரியிடம் நாளை மத்தியானம் ஆட்டு வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இப்போது உண்மை பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

மார்ச் 2, சனி

 இன்று எழுத்து கோணலாக இருந்தால் காரணம் கீழே இருக்கிறது. மற்ற நாள் கோணலுக்குக் காரணம் வேறு.

காலை ஐந்தரைக்கு ஒரு செவ்வாட்டின் ரத்தத்தை எடுத்து, அரை மணி நேரம் கிண்டி, நாரெல்லாம் எடுத்து, தூக்குவாளியில் ஐஸ் சுற்றி வைத்தேன். இரண்டு மணிக்குக் கல்லூரிக்குப் போனேன். புல்வெளியில் மேஜைகளைச் சேர்த்துப் பலகை போட்ட மேடை. திரை இல்லை, மைக் இல்லை. பின்னால் துணி மறைப்புக்குள் எல்லாரும் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு நீள மரத்தொட்டி. அதில் விளையாட்டு வகுப்புக் குண்டை உருட்டினால் இடி இடிக்கும். அந்தக் காலத்தில் பீரங்கிக் குண்டை உருட்டுவார்களாம். ஒரு பிள்ளை எனக்காக ஒரு இடி இடித்துக் காட்டினாள்.

மூத்திரப்பையில் புனல் வைத்து ஊற்றி, நூலால் மூன்று சுற்று இறுக்கினேன். அப்போது மேடம் அவளைக் கூட்டிவந்தார். தொடை வரை பூட்ஸ், நீலக் கோட்டு, மேல்நோக்கி முறுக்கிய மீசை. என் சித்தப்பா ஒருவரின் சாயல் இருந்தது.

"இவதான் நம்ம தளபதி, ஆவுடைச்செல்வி. இவங்க அப்பாதான் கால்நடைத் துறைன்னு சொன்னேன்லா?"

ஆவுடை என்னைப் பார்த்தாள். மாஸ்க்கையும் தொப்பியையும் அவள் ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணைத்தான் பார்த்தாள். "மேடம்..." என்று ஆரம்பித்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "வணக்கம்மா. இதக் கட்டினதுக்கு அப்புறம் குனியக்கூடாது. விழும்போது வலப்பக்கமா விழுங்க, பூரா ரத்தமும் ஜனங்க பக்கம் வரும்."

அவள் மீசையை ஒரு தடவை அழுத்தி ஒட்டிக்கொண்டாள். "சரிங்க அண்ணாச்சி" என்றாள். நல்ல நடிகை. நானும் மோசமில்லை. ரோஸ்லின் தட்டையும் பையையும் அவள் நெஞ்சில் வைத்துக் கட்டினாள். முரசு அடித்தார்கள். நான் முன்னால் போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டேன். மூன்று பக்கமும் பிள்ளைகள், வாத்தியார்மார். நிறையப் பேரின் அப்பா அம்மாக்களும் நின்றிருந்தார்கள்.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் எல்லாம் புரிந்தது. தளபதி வந்தான், வெயிலில் நின்று பேசினான். அவ்வளவு சத்தமாக என் மகள் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையின் அம்மா, "யாரு வீட்டுப் பிள்ளைங்க இது? சிங்கம் மாதிரி பேசுதே!" என்றார். "யாரோ" என்றேன்.

விருந்து. இடி. தம்பி பின்னால் வந்தான். மெல்லிய முனையுள்ள மரக்கத்தி. ரோஸ்லின் ஓங்கிக் குத்தினாள்.

தட்டுக்கு மேலே குத்திவிட்டாள் என்று எனக்குப் பட்டது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில். ரத்தம் ரோஸ்லின் முகத்திலும் முன்வரிசை மேலும் பீச்சியது. ஆவுடை விழுந்தாள். வீட்டில் விழுகிற மாதிரி தொம்மென்று விழவில்லை, மடங்கி, சத்தமே இல்லாமல் விழுந்தாள்.

தினம் ரத்தம் பார்க்கிறவன் நான். அது ஆட்டு ரத்தம், நான் கிண்டியது, நான் கட்டியது. எல்லாம் தெரியும். ஆனால் காலுக்குத் தெரியவில்லை. எப்படி ஏறினேன் என்று நினைவில்லை, மேஜை மேல் நிற்கிறேன், மாஸ்க் ஒரு காதில் தொங்குகிறது, "ஏ ஆவுடை! ஏட்டி! எந்தாயி!" என்று கத்துகிறேன்.

கூட்டம் அப்படியே உறைந்தது. ரோஸ்லின் கத்தியைப் பிடித்தபடி நின்றாள். இழுத்து மூடத் திரையும் இல்லை.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"அப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. தட்டுலதான் பட்டுச்சு. எறங்குங்கப்பா, நான் செத்துட்டேன்."

மூன்று பக்கமும் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு, கைதட்டல். நான் இறங்கினேன். கீழே நின்றவர்கள் கைகொடுத்து இறக்கினார்கள். அந்தம்மா, "யாரோன்னீங்களே!" என்றார். சத்தம் அடங்கும் வரை ரோஸ்லின் காத்திருந்து, எதுவும் நடக்காத மாதிரி தன் வசனத்தைத் தொடர்ந்தாள். அந்தப் பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் உண்டு. திரை இல்லாததால் செத்தவர்களை நடிகர்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாலு பிள்ளைகள் என் மகளை என் முன்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் பிணம் எனக்கு விரலசைத்தது.

முடிந்ததும் எல்லாரும், செத்தவர்களும் சேர்ந்து, மேடையில் ஆடினார்கள். அந்தக் கால வழக்கமாம், எவ்வளவு துக்கமான நாடகமானாலும் கடைசியில் ஒரு ஆட்டம் உண்டு. நல்ல வழக்கம். நான் அதற்குள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நழுவினேன். ஜெமிமா மேடம் பிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துல ஜனங்க மேடையில இருக்கவங்களோட இப்படித்தான் பேசுவாங்க. நாங்க என்ன பண்ணியும் அத மட்டும் கொண்டுவர முடியல. நீங்க கொண்டுவந்துட்டீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆவுடை உங்கள அப்பான்னு..." என்றார்.

"அது மேடம், அவ தெருவுலதான் நம்ம வீடு. சின்னப் பிள்ளையிலருந்து பழக்கம். எல்லாரையுமே அப்படித்தான்..."

"அப்பா, போதும்."

பின்னால் ஆவுடை. தலைமுடி, கழுத்து, கோட்டு எல்லாம் சிவப்பு. மீசை பாதி உரிந்திருந்தது.

"இவங்கதான் எங்க அப்பா, மேடம். ரயில்வே கேட் கொம்பையா மட்டன் ஸ்டால். நான் பொய் சொன்னேன். அந்த லெட்டர நீங்க கிளாஸ்ல காட்டின அன்னைக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

மேடம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப கேம்ப் போனது யாரு?"

"நான்தான் மேடம்" என்றேன். "தெனம் காலம்பற போயிட்டு மத்தியானம் வந்துருவேன்."

மேடம் சிரித்தார். ஆனால் ஆவுடையிடம், "திங்கக்கிழமை வா, பேசணும்" என்றார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே சொன்னார். ஆவுடை தலையாட்டினாள். அது அவள் பாடு, அதில் நான் போய் மேடை ஏற முடியாது.

விடுதிக் குளியலறையில் ரத்தத்தைக் கழுவக்கூடாது என்று வார்டன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.  கல்லூரி கேட் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் இருந்து:

"முதல் நாள் எல்லாரையும் அப்பா என்ன பண்ணுதாங்கன்னு கேட்டாங்க. ஆடு சம்பந்தமான்னு சொன்னேன். கால்நடைத் துறையான்னு மேடமே கேட்டாங்க. தலையாட்டிட்டேன்."

"நானும் பத்தாவதுல இங்கிலீஷ் பாஸ்னு ஒங்க அம்மா வீட்டுல சொல்லித்தான் பொண்ணு எடுத்தேன்."

"வெளையாடாதீங்கப்பா. நீங்க லெட்டர் வாங்கித் தந்ததுதான் எனக்கு..."  என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். நல்ல சட்டை, இனி துவைத்தாலும் ரத்தம் போகாது.

முருகன்குறிச்சி சிக்னலில் சிவப்பு. பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேகமாக வந்தார்.

"யோவ், யாருய்யா இந்தப் பொண்ணு? மேலெல்லாம் என்ன ரத்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை பேசினாள். மேடையில் பேசிய அதே குரல்.

"இவங்க எங்க அப்பா சார், கறிக்கடை வச்சிருக்காங்க. இது ஆட்டு ரத்தம். காலேஜ் நாடகத்துக்குக் கொண்டுவந்தாங்க."

அவர் குனிந்து மோந்து பார்த்தார். ஒட்டியிருந்த பாதி மீசையையும் பார்த்தார். நம்பிவிட்டார் போலிருக்கிறது.

"எங்க கடை?"

"ரயில்வே கேட் தாண்டி ரெண்டாவது சந்து சார், மாவு மில்லுக்கு எதுத்தாப்ல. ஞாயித்துக்கிழமைன்னா ஏழு மணிக்கு முன்னால வந்துருங்க, ஈரல் தீந்துரும்."

பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். "அப்பா, பச்சை" என்றாள் ஆவுடை. எனக்கும் தெரிந்தது. இருந்தாலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.